முன் இடப்பக்கச் சில்லு

சூடு ஆறும்வரை கை வைக்காதே என்று
நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.
அந்நேரம் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

நானுஓயா இறக்கம் முழுக்கப்
பிரேக்கை மிதித்தே வந்த கார்.
தண்ணீர் பட்டால் பொரியும் சூடு.
விமலேந்திரன் வேலைக்கு வந்து ஒன்பதாம் நாள்.
லொறிகளுக்கு அடிக்கும் மஞ்சள் போத்தலை எடுத்து
முன் இடப்பக்கத்தில் ஒரு பீச்சு.
அடுத்ததுக்குப் போவதற்குள் கத்திவிட்டேன்.

கத்தியதும் தாமதம்தான்.
கண்ணாடியாய் இருந்த ரிம்
பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போனது.
தலவாக்கலைப் பனி வந்து குந்தியிருக்கிறது என்று நினைத்து
சட்டை நுனியால் துடைத்தான், பாவம்.
அந்தப் பனி விலகாது.

இது பூச்சடித்த ரிம் இல்லை.
மேலே வார்னிஷ் கிடையாது, வெறும் அலுமினியம்,
தோலுரித்த பழம்.
அசிட்டும் ஆகாது, காரமும் ஆகாது.
தோட்டத்துக்கு டொலமைட் ஏற்றிய டிராக்டர் முன்னால் போனால்
அது தெறித்த சேறு ஓர் இரவு கிடந்தாலே போதும்,
தேமல் விழும்.

செபமாலை முதலாளிக்கு இதெல்லாம் தெரியும்.
கந்தப்பளையில் கோவா, கரட் விற்றுச் சேர்த்த காசு.
மகள் கலியாணத்தை ஒரு வருசம் தள்ளிப் போட்டு
வாங்கிய சில்லுகள் என்று ஊரில் ஒரு கதை.
செத்த வீட்டுக்கு வந்தவர்
விடியக் காலை எடுக்கிறேன் என்று சாவியைத் தந்துவிட்டு நடந்தார்,
திரும்பித் திரும்பிக் காரைப் பார்த்துக்கொண்டு.

ஏழு மணிக்குச் சில்லைக் கழற்றினேன்.
அதற்குத் தனி வாளி.
உடம்பு கழுவிய தண்ணீரில் மணல் இருக்கும், கோடு போடும்.
பிள்ளைக்குப் போடும் சவர்க்காரம்,
நட்டுக் குழிகளுக்குப் பல்லுத் துலக்கும் பழைய பிரஷ்.
பிறகு ஈரத் தாள்: ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம்.
எண் கூடக் கூடக் கை மெதுவாக வேண்டும்.
விமலேந்திரன் தண்ணீர் ஊற்றினான்.

"சம்பளத்துல வெட்டுவாங்களா அக்கா?"
"தண்ணிய ஊத்து."

பத்தரைக்குக் கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தை அவன் பிடித்தான்.
பொலிஷைத் தொட்டுப் பனியன் துணியால் தேய்க்க
வெள்ளை உலோகத்திலிருந்து கறுப்பு வந்தது.
முதல் தடவை பார்க்கிற எல்லாரும் பயப்படுவார்கள்.
கறுக்கட்டும், கறுத்தால்தான் வேலை நடக்குது என்றேன்.
துடைத்தேன், தேய்த்தேன்,
மறுபடி கறுப்பு,
கைரேகைக்குள் எல்லாம் அது.
எத்தனை மணி என்று தெரியாது,
ஒரு துடைப்பில்
அவனுடைய மூக்கு பெரிதாக, காது சிறிதாக
ரிம்மின் வளைவில் வந்து நின்றது.
அவன் சிரித்தான். மூக்கும் சிரித்தது.

மெழுகு பூசி,
காயவிட்டு,
சுத்தத் துணியால் எடுத்து,
திரும்பவும் மெல்லிசாய் ஒரு தடவல்.
இந்த மழை ஊரில் அதுதான் குடை.
இரண்டு மாதத்தில் ஒழுகத் தொடங்கும் குடை.

ஆறரைக்கு முதலாளி வந்தார்.
கண் சிவந்திருந்தது, அழுததோ விழித்ததோ.
காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குந்தினார்.
முன் இடப்பக்கத்தை விரல் முதுகால் தடவினார்.
விமலேந்திரன் கம்ப்ரெசருக்குப் பின்னால் போய்விட்டான்.
எழுந்து மற்றப் பக்கம் போனார். திரும்பி வந்தார்.

"தங்கச்சி, மத்த மூணும் மங்கிக் கிடக்கே.
இவ்வளவு நாளும் எனக்குத் தெரியலையே."

வாயெடுத்தேன்.

"வாற புதன் கொண்டாறேன்.
மூணையும் இப்படியே செய்யணும். எவ்வளவு?"

கம்ப்ரெசருக்கு மேலே ஒரு தலை எழும்பியது.
சில்லுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன்.
பிறகு, மனம் கேட்காமல்,
மஞ்சள் போத்தல் கதையையும் சொன்னேன்.

அவர் வெகுநேரம் சில்லையே பார்த்தார்.
"ரெண்டாயிரம்" என்றார்.

கார் ஏற்றத்தில் திரும்பியது.
மழை பிடித்தது.
முன்னால் டொலமைட் டிராக்டர் ஒன்று
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.